வெயில் முந்திக்கொள்ளும் முன்பே

2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா-3 என்ற சரக்குக் கப்பல் 640 கொள்கலன்களோடு மூழ்கியது. சில நாள்களிலேயே திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரைகளில் பிளாஸ்டிக் குருணை ஒதுங்க ஆரம்பித்தது. நீரோட்டம் அதைக் கன்னியாகுமரிக் கரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது. பக்கெட், குடம், பை, குழாய் என எதைச் செய்வதானாலும் ஆலைக்கு மூலப்பொருளாகப் போவது இந்தக் குருணைதான். நர்டில் என்றும் சொல்வார்கள். ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டருக்குள் அடங்கும். தன்னார்வலர்களும் கரையோர மக்களும் சல்லடை வைத்து மணலைச் சலித்து மூட்டை கட்டினார்கள். அள்ளியது போக, மணலுக்குள் புதைந்ததும் பாறை இடுக்கில் சிக்கியதும் அலையோடு திரும்பிப் போனதும் ஏராளம். பிறகு செய்தி அடங்கிவிட்டது.

அந்த மிச்சம் என்ன ஆகும் என்று கேட்டால், “அடிக்கிற வெயிலுக்கு எத்தனை நாள் தாங்கும்? தானாக மக்கிப்போகும்” என்பார்கள் பலர். கடற்கரையில் வாழ்கிறவர்கள் மட்டுமல்ல, பொறுப்பில் இருப்பவர்களும் மனதுக்குள் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். இந்தப் பதிலில் பாதி உண்மை. வெயிலுக்குப் பிளாஸ்டிக் தாங்காது என்பது சரி. மக்கிப்போகும் என்பது தவறு. நம் கரைகளிலும் ஏரிகளிலும் ஆறுகளிலும் கிடக்கும் பிளாஸ்டிக்கை அவசரமில்லாத வேலையாக நாம் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பதற்கு இந்தப் பாதி உண்மையே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். உண்மையில் வெயில்தான் அந்த வேலையை அவசரமாக்குகிறது.

மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். கொடியில் வருடக்கணக்கில் கிடந்த பிளாஸ்டிக் கிளிப்பை அழுத்தினால் விரலிலேயே ஒடிகிறது. மூலையில் கவிழ்த்துவைத்த குடத்தைத் தடவினால் கையில் மாவு ஒட்டுகிறது. தார்ப்பாய் நார் நாராகப் பிரிந்து காற்றில் போகிறது. அதே மாடியில் அதே வெயிலில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்கோ பத்து வருடம் ஆனாலும் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. குடமும் தொட்டியும் பெரும்பாலும் ஒரே பாலிஎத்திலீன்தான். தொட்டியில் கலந்திருக்கும் கரிப்பொடி, கதிரைத் தானே வாங்கிக்கொண்டு வெப்பமாக மாற்றி, பிளாஸ்டிக்குக்குள் இறங்கவிடாமல் தடுக்கிறது. குடத்துக்கு அந்தக் காவல் குறைவு.

பாலிஎத்திலீன் என்பது ஆயிரக்கணக்கான கார்பன் அணுக்களைப் பூச்சரம் போல ஒன்றோடொன்று தொடுத்த நீண்ட மூலக்கூறு. 300 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிருக்கு அந்தத் தொடுப்பை அறுக்கும் ஆற்றல் உண்டு. ஆனால் தூய பாலிஎத்திலீன் அந்த ஒளியை உள்வாங்குவதே இல்லை. உள்வாங்காத ஒளி வேதிவினை எதையும் செய்யாது. அதைவிட வீரியமான, 290 நானோமீட்டருக்கும் குறைந்த கதிரை ஓசோன் படலம் மேலேயே பிடித்துக்கொள்கிறது. கணக்குப்படி பார்த்தால் குடம் உடையவே கூடாது. உடைவதற்குக் காரணம் அதிலுள்ள கறைகள். ஆலையில் உருக்கி வார்க்கும்போதே சூட்டில் ஆக்சிஜன் அங்கங்கே ஒட்டிக் கார்பனைல் தொகுதிகளை உண்டாக்கிவிடுகிறது. தயாரிப்பில் பயன்பட்ட வினையூக்கியின் உலோக மிச்சமும் கொஞ்சம் தங்கிவிடுகிறது. வெயிலுக்கு வாசல் திறப்பவை இவை.

கதிர் அந்த இடத்தில் விழுந்ததும் தனி உறுப்பு எனப்படும் நிலையற்ற துண்டு பிறக்கிறது. ஆக்சிஜன் உடனே அதில் சேர்கிறது. அப்படிச் சேர்ந்தது பக்கத்து மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கி ஹைட்ரோபெராக்சைடு ஆகிறது. பிடுங்கப்பட்ட இடத்தில் இன்னொரு தனி உறுப்பு. ஹைட்ரோபெராக்சைடின் மேல் மறுபடி வெயில் பட்டால் அது உடைந்து இரண்டு தனி உறுப்புகளைத் தருகிறது. வினை தன்னைத் தானே பெருக்கிக்கொள்கிறது. கூடவே புதிய கார்பனைல் தொகுதிகளும் உருவாகி மேலும் மேலும் ஒளியை வாங்குகின்றன. முதல் சில மாதம் ஒன்றுமே தெரியாமல் இருந்துவிட்டுப் பிறகு கிளிப் திடீரென்று ஒடிவது இதனால்தான். பாலிபுரொப்பிலீனில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் கிளை இருப்பதால் அந்த இடத்து ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடும். தடுப்பு வேதிப்பொருள் சேர்க்காத பாலிபுரொப்பிலீன் பாலிஎத்திலீனைவிட வேகமாகக் கெடும்.

இதெல்லாம் முக்கியமாக மேல்தோலில் நடக்கிறது. உள்ளே ஆக்சிஜன் எளிதில் போவதில்லை. தோலில் மூலக்கூறுகள் குட்டையாகி, நெருக்கமாக அடுக்கிக்கொண்டு, வளையும் தன்மையை இழக்கின்றன. முதலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. பிறகு மணலும் அலையும் அந்த வெடிப்பைப் பெயர்த்து எடுக்கின்றன. பெயர்ந்த இடத்தில் புதுத்தோல் வெயிலுக்கு வருகிறது. மறுபடி அதே கதை.

தென்கொரியாவில் ஓர் ஆய்வுக் குழு இதை எண்ணிப் பார்த்தது. 2017-இல் வெளியான அந்த ஆய்வில், குருணைகளை 12 மாதம் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துவிட்டுப் பிறகு மணலோடு சேர்த்து 2 மாதம் உருட்டினார்கள். ஒரு பாலிஎத்திலீன் குருணையிலிருந்து சுமார் 20 துகள்கள் வந்தன. ஒரு பாலிபுரொப்பிலீன் குருணையிலிருந்து சுமார் 6,000. தெர்மாகோல் மணி ஒன்றிலிருந்து 12,000-க்கும் மேல். வெயில் காட்டாமல் மணலில் மட்டும் உருட்டியபோது பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் பத்துத் துகள் அளவுதான் தந்தன. ஒரு குருணையை இன்றைக்கு அள்ளாமல் விட்டால், அதன் வகையைப் பொறுத்து, பின்னால் அதே இடத்தில் பத்துக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ தேட வேண்டியிருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. எந்தச் சல்லடையிலும் அவை நிற்கப்போவதில்லை.

தண்ணீருக்குள் வெயில்

கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்குக்கும் கரையில் கிடக்கும் பிளாஸ்டிக்குக்கும் வெயில் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஆன்டனி ஆண்ட்ராடி என்ற பாலிமர் விஞ்ஞானி இதைப் பல வருடங்களுக்கு முன்பே சோதித்துச் சொன்னார். ஒரே பிளாஸ்டிக்கைக் கரையில் காற்றிலும் கடல் நீரில் மிதக்கவிட்டும் பார்த்தால், மிதப்பது மெதுவாகத்தான் கெடுகிறது. தண்ணீர் அதைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்கிறது. கொஞ்ச நாளில் பாசியும் நுண்ணுயிரும் படிந்து நிழல் கட்டிவிடுகின்றன. படிவு கனத்ததும் துகள் கீழே இறங்கிவிடுகிறது. உச்சி வெயிலில் கொதிக்கும் மணல் மேலோ குளிர்ச்சியும் கிடையாது, பாசியும் கிடையாது. பிளாஸ்டிக் பொடியாகும் பெரிய பட்டறை கடலின் நடுவில் இல்லை, கரை மணலில் இருக்கிறது. கடற்கரைத் துப்புரவை வெறும் அழகு பார்க்கும் வேலையாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கரையிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு மூட்டையும், நுண்பிளாஸ்டிக் உருவாகும் இடத்திலிருந்தே எடுத்த மூட்டை.

தெளிந்த நடுக்கடலில் புற ஊதாக் கதிர் பத்து, இருபது மீட்டர்கூட இறங்கும். நம் ஆறுகளிலும் ஏரிகளிலும் நிலைமை வேறு. மழைக்காலக் கலங்கலில், சாக்கடை கலந்த கறுப்பு நீரில், இலை தழை ஊறிப் பழுப்பேறிய குளத்தில் அது ஓரிரு சாணுக்குள் அடங்கிவிடும். அதே பழுப்புப் பொருள் இன்னொரு வேலையும் செய்கிறது. வெயிலை வாங்கி, தண்ணீரில் ஹைட்ராக்சில் போன்ற வீரியமான ஆக்சிஜன் வகைகளை உண்டாக்குகிறது. வயலிலிருந்து வடியும் நைட்ரேட்டும் தண்ணீரில் கரைந்த இரும்பும் இதற்குத் துணை. நேரடியாக ஒளி படாமலேயே பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இவை அரிக்கும். ஆக ஒரே ஏரியில் மேலே மிதப்பது ஒரு வேகத்திலும், அரை அடி கீழே இருப்பது வேறொரு வேகத்திலும் சிதைகிறது. சேற்றில் புதைந்ததோ கிட்டத்தட்டச் சிதைவதே இல்லை. தண்ணீர் பாட்டிலின் பெட், வலையின் நைலான், குழாயின் பிவிசி எல்லாம் தண்ணீரைவிடக் கனம். உடைந்தால் அடிக்குத்தான் போகும். அங்கே வெயில் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இப்போது பெரிய கணக்குக்கு வருவோம். 2004-இல் பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சனும் உடனாய்வாளர்களும் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். கடலில் போய்ச் சேர்ந்த பிளாஸ்டிக் எல்லாம் எங்கே போயிற்று என்பது அதன் கேள்வி. அந்தக் கேள்வியின் கனம் பின்னால்தான் தெரிந்தது. 2010-ஆம் ஆண்டில் மட்டும் நிலத்திலிருந்து 48 லட்சம் முதல் 1.27 கோடி டன் வரை பிளாஸ்டிக் கடலுக்குள் போயிருக்கும் என்று 2015-இல் ஒரு மதிப்பீடு வந்தது. கடல் மேல் மிதப்பதை வலை போட்டு இழுத்துக் கணக்கிட்டவர்களுக்கோ உலகம் முழுவதும் சேர்த்து 3 லட்சம் டன்கூடத் தேறவில்லை. அதிலும் 1 மில்லிமீட்டருக்குக் குறைந்த துகள்கள் இருக்க வேண்டிய அளவில் இல்லவே இல்லை என்று 2014-இல் ஸ்பெயின் விஞ்ஞானிகள் காட்டினார்கள். மூழ்கியது, கரைக்குத் திரும்பியது, மீன் தின்றது என்று பல விடைகள் சொல்லப்பட்டன. வெயிலும் ஒரு விடை என்பதை அளந்து சொல்ல இன்னும் சில வருடம் ஆயிற்று.

2023-இல் நெதர்லாந்து அரச கடல் ஆய்வு நிறுவனத்தின் அன்னலிசா டெல்ரே, ஹெல்கே நீமன் குழுவினர், கடல் நீரில் மிதக்கும் பிளாஸ்டிக்கின் மேல் செயற்கை வெயில் காட்டிச் சோதித்தார்கள். கண்ணுக்குத் தெரியும் நுண்பிளாஸ்டிக்கில் வருடத்துக்குச் சுமார் 1.7 சதவீதம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிதைகிறது என்று வந்தது. 1950-களிலிருந்து கடலில் மிதக்கவந்த பிளாஸ்டிக்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை வெயில் இப்படிச் சிதைத்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அதில் ஒரு பகுதி நானோபிளாஸ்டிக் ஆயிற்று. ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த துகள் அது. 2025 ஜூலையில் அதே நிறுவனமும் உட்ரெக்ட் பல்கலைக்கழகமும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில் வட அட்லாண்டிக்கின் மேல் அடுக்கில் மட்டும் 2.7 கோடி டன் நானோபிளாஸ்டிக் இருப்பதாக மதிப்பிட்டார்கள். உலகக் கடல்களில் மிதப்பதாகச் சொன்ன 3 லட்சம் டன்னை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காணாமல் போனதாக நினைத்தது அங்கேயேதான் இருக்கிறது. வலையில் சிக்கும் அளவில் இல்லை, அவ்வளவுதான்.

வெயில் செய்யும் நல்லதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தில் காலின் வார்டு குழுவினர் 2019-இல் பாலிஸ்டைரீனைச் சோதித்தார்கள். தெர்மாகோல், தயிர்க் கப், டீக்கடையின் வெள்ளைத் தம்ளர் எல்லாம் இந்த வகை. நிலநடுக்கோட்டு வெயிலைப்போல மூன்று மடங்கு பிரகாசமான விளக்கின் கீழ், தண்ணீரில் ஐந்து மாதிரிகளை வைத்தார்கள். கண்ணாடிக் குடுவையில் சேர்ந்த கரியமில வாயுவின் கார்பன், பாலிஸ்டைரீனிலிருந்துதான் வந்தது என்பதை ஐசோடோப் அளவைக் கொண்டு உறுதிசெய்தார்கள். பாலிஸ்டைரீன் ஆயிரக்கணக்கான வருடம் அழியாது என்றுதான் அதுவரை அரசாங்கங்களின் கையேடுகள் சொல்லிவந்தன. நுண்ணுயிர்களுக்கு அதன் வளைய அமைப்பு செரிக்காது என்பதே காரணம். நுண்ணுயிருக்குச் செரிக்காத அதே வளையம் வெயிலை நன்றாக வாங்குகிறது. பகுதியளவு சிதைந்து தண்ணீரில் கரையும் கார்பனாக மாறச் சில பத்தாண்டுகள், முழுவதும் கரியமில வாயுவாக மாறச் சில நூற்றாண்டுகள் என்பது அவர்கள் முடிவு.

ஆயிரக்கணக்கான வருடத்திலிருந்து சில நூறு வருடம் என்பது வேதியியலில் பெரிய செய்தி. மீன் சாப்பிடும் நமக்கு அது பெரிய ஆறுதல் இல்லை. ஒரு தெர்மாகோல் பெட்டி முழுவதும் கரைவதற்குள் பல தலைமுறை கடந்துவிடும். அத்தனை காலமும் அது பெட்டியாக, பிறகு மணியாக, பிறகு துகளாக, பிறகு அதனினும் சிறியதாகக் கடலுக்குள்தான் இருக்கும். அதற்கிடையே ஒவ்வொரு வருடமும் புதிதாக வந்து சேரும் பிளாஸ்டிக் எத்தனை லட்சம் டன் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வருடத்துக்கு 1.7 சதவீதம் சிதைக்கும் வெயிலை நம்பிக் கொள்கை வகுப்பது நியாயமாகாது.

கரைந்து இறங்குவது என்ன?

கரையும் பகுதியும் வெறும் கார்பன் இல்லை. நடைமுறையில் எந்தப் பிளாஸ்டிக்கும் தனியாகக் கடைக்கு வருவதில்லை. நிறத்துக்கு ஒன்று, மென்மைக்கு ஒன்று, தீப்பிடிக்காமல் இருக்க ஒன்று, வெயிலைத் தாங்க ஒன்று என்று பலவும் கலந்தே வருகிறது. வெயில் தோலை உரிக்கும்போது இவையும் வெளியே வருகின்றன. அமெரிக்கக் கடைகளில் கொடுக்கும் பாலிஎத்திலீன் பைகளை வாங்கித் தண்ணீரில் போட்டு வெயில் காட்டிய வுட்ஸ் ஹோல் குழு, சில நாள்களிலேயே பல ஆயிரம் புதுச் சேர்மங்கள் தண்ணீரில் கரைந்திருப்பதைக் கண்டது. இருட்டில் வைத்த பைகளில் அவ்வளவு இல்லை. ஒரு கடையின் பைக்கும் இன்னொரு கடையின் பைக்கும் நடுவே சேர்மங்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு. எல்லாம் பாலிஎத்திலீன்தான், உள்ளே கலந்தது வேறு. வெள்ளை நிறம் தரும் டைட்டானியம் டை ஆக்சைடையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு வடிவத்தில் அது கதிரைத் தடுக்கும். இன்னொரு வடிவத்தில் கதிரோடு சேர்ந்து சிதைவைத் தூண்டும்.

ஆரோன் ஸ்டபின்ஸ், லிக்சின் ஜூ ஆகியோர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், பிளாஸ்டிக்கிலிருந்து கரைந்த கார்பனின் பெரும்பகுதியைக் கடல் பாக்டீரியாக்கள் உண்டுவிட்டன. பாலிஎத்திலீன் மாதிரி ஒன்றில் மட்டும் பாக்டீரியாவின் வளர்ச்சியே தடைபட்டது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் சாரா-ஜீன் ரோயர், வெயில் பட்ட பிளாஸ்டிக்கிலிருந்து மீத்தேனும் எத்திலீனும் வெளியேறுவதை 2018-இல் அளந்து காட்டினார். அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன் பொடியாகும்தோறும் இந்த வெளியேற்றம் கூடியது. பரப்பு கூடினால் வினையும் கூடும்.

வெயிலைத் தாங்க வேண்டும் என்று சேர்க்கும் பொருள்களே நஞ்சாக முடியும் என்பதற்கு யுவி-328 உதாரணம். பிளாஸ்டிக்கிலும் வண்ணப்பூச்சிலும் புற ஊதாத் தடுப்பாகச் சேர்க்கப்பட்ட இந்தச் சேர்மம், உடலில் தேங்கும் என்பதாலும் நீண்டகாலம் அழியாது என்பதாலும் 2023-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தடுப்பு சேர்த்தால் சிதைய நாளாகும். சிதையும்போது தடுப்பே வெளியே வரும். தடுப்பு இல்லாவிட்டால் சீக்கிரமே பொடியாகும். இரண்டு பக்கமும் இடிக்கிறது. பிளாஸ்டிக்கில் என்ன கலந்திருக்கிறது என்பதை உற்பத்தியாளர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற கோரிக்கையை விஞ்ஞானிகள் விடாமல் எழுப்புவது இதனால்தான். சொல்லாதவரை, எந்தப் பை எத்தனை நாளில் எதைக் கக்கும் என்று யாராலும் கணிக்க முடியாது.

இலங்கையில் நடந்ததை இங்கே நினைவுபடுத்த வேண்டும். 2021 மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து, ஜூன் 2 அன்று மூழ்கத் தொடங்கியது. சுமார் 1,680 டன் குருணை கடலில் கொட்டியது. குருணைக் கசிவுகளில் உலகிலேயே பெரியது அதுதான். நீர்கொழும்பை ஒட்டிய கரைகளில் வெள்ளைக் குருணை மட்டும் ஒதுங்கவில்லை. கருகியது, பாதி உருகிக் கட்டியானது, தொட்டால் நொறுங்குவது எனப் பல விதமாக ஒதுங்கியது. இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸும் காலின் வார்டும் இருந்த குழு அவற்றைச் சோதித்தது. எரிந்த துண்டுகளின் வேதிச் சிக்கல் எரியாத குருணையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். வெயில் வருடக்கணக்கில் செய்யும் ஆக்சிஜனேற்றத்தையும் நொறுக்கலையும் தீ சில நாள்களில் செய்துகாட்டியது. கரையில் பிளாஸ்டிக் குப்பையைக் குவித்துக் கொளுத்தும் பழக்கம் நம் பக்கத்திலும் இருக்கிறது. அது அந்தக் கப்பலில் நடந்ததைச் சிறு அளவில் திரும்பச் செய்வதே. இன்றைக்கே நிறுத்த வேண்டிய பழக்கம்.

எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலை இயக்கிய நிறுவனம் 100 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வர நான்கு வருடம் ஆயிற்று. அந்த நான்கு வருட வெயிலில், மணலுக்கு மேலே கிடந்த குருணைகள் எந்த நிலைக்கு வந்திருக்கும் என்பதை மேலே சொன்ன கொரிய ஆய்வை வைத்து ஊகித்துக்கொள்ளலாம். கசிவு நடந்த முதல் சில வாரங்களில் அள்ளினால் குருணை. வழக்கு முடிந்தபின் அள்ளப் போனால் பெரும்பகுதி கையில் சிக்காது. இழப்பீட்டுச் சட்டம், காப்பீடு, மீட்பு ஒப்பந்தம் பெரும்பாலும் எண்ணெய்க் கசிவை மனதில் வைத்து எழுதப்பட்டவை. குருணைக்கு வேறு கால அட்டவணை வேண்டும். முதல் மாதத்தில் கூலி, சல்லடை, மூட்டை, கிடங்கு ஆகியவற்றுக்கான பணம் துறைமுகத்திலேயே முன்வைப்பாக இருக்க வேண்டும். யார் குற்றவாளி என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

குருணையை ஆபத்தான சரக்காக வகைப்படுத்த வேண்டும் என்று அந்த விபத்துக்குப் பிறகு இலங்கை சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் கேட்டது. அந்த அமைப்பு 2024-இல் சில பரிந்துரைகளை மட்டும் ஏற்றுக்கொண்டது. உறுதியான பொதியில் கட்டுங்கள், கொள்கலனில் என்ன இருக்கிறது என்று தெளிவாக எழுதுங்கள், முடிந்தால் தளத்துக்குக் கீழே வையுங்கள் என்பவை அவை. கட்டாயம் எதுவும் இல்லை. அடுத்த வருடமே எல்சா-3 மூழ்கியது. பரிந்துரையைச் சட்டமாக்கு என்று கேட்கும் உரிமை, இரண்டு விபத்துகளையும் நேரில் பார்த்த இந்தியாவுக்கும் இலங்கைக்கும்தான் எல்லோரையும்விட அதிகம். இரண்டு நாடுகளும் சேர்ந்து அதை ஒரே குரலில் கேட்க வேண்டும்.

வெயிலைக் காட்டி விற்கப்படும் ஒரு பொருளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோபால்ட், மாங்கனீசு, இரும்பு போன்றவற்றின் உப்பைச் சேர்த்து, வெயிலிலும் சூட்டிலும் சீக்கிரம் உதிரும்படி செய்த பைகளை ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தவை’ என்று விற்பது உலகம் முழுவதும் நடந்தது. உப்பு செய்வது, முன்னே சொன்ன ஹைட்ரோபெராக்சைடு உடைவதை வேகப்படுத்துவது மட்டும்தான். பை சீக்கிரம் துண்டாகும். துண்டை நுண்ணுயிர் தின்னும் என்பதற்கு உறுதி கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் சட்டம் இயற்றி, 2021 ஜூலை முதல் இவற்றைத் தடைசெய்தது. நம் ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் திருத்திய பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளும், ஒரு பிளாஸ்டிக்கை மக்கக்கூடியது என்று சொல்ல வேண்டுமானால் அது உயிரியல் முறையில் சிதைய வேண்டும், நுண்பிளாஸ்டிக்கை மிஞ்சவிடக் கூடாது என்கின்றன. நல்ல விதி. பைமேல் அச்சடித்த வாசகத்தை நம்பிக் கடைக்காரரும் அதிகாரியும் விட்டுவிடாமல், பரிசோதனைச் சான்றைக் கேட்கும்போதுதான் அந்த விதிக்கு உயிர் வரும்.

உலக அளவில் பிளாஸ்டிக் ஒப்பந்தம் வேண்டும் என்று 2022 மார்ச்சில் நைரோபியில் நாடுகள் முடிவெடுத்தன. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த பேச்சு உடன்பாடில்லாமல் கலைந்தது. உற்பத்தி அளவுக்கு வரம்பு வேண்டும் என்று ஒரு தரப்பும், கழிவை மட்டும் பேசினால் போதும் என்று எண்ணெய் வள நாடுகளும் நின்றன. கழிவை மட்டும் பேசுவோம் என்பவர்களின் வாதம், கழிவு கையில் அகப்படும் வடிவத்திலேயே எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. வெயில் அந்த நம்பிக்கையைத் தினமும் உடைத்துக்கொண்டிருக்கிறது. 500 நானோமீட்டர் துகளுக்கு எந்த நாட்டின் கழிவு மேலாண்மைத் துறையாலும் குப்பை லாரி அனுப்ப முடியாது.

ஒப்பந்தம் வரும்வரை நம் கரையில் செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரைக்கு ஆறுகளும் கால்வாய்களும் குப்பையைக் கொண்டுவந்து தள்ளுவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அலை உயரமாக ஏறிப்போய் வைத்துவிட்டு வரும் அந்த மேல் வரிசைக் குப்பையில்தான் பை, கயிறு, வலைத் துண்டு, தெர்மாகோல், குருணை எல்லாம் கலந்து கிடக்கும். ஈரம் இல்லாத, அலை தொடாத, வெயில் நேராக அடிக்கும் இடம் அது. வேகமாகப் பொடியாவதும் அங்கேதான். ஆனால் துப்புரவு நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நடப்பது செப்டம்பரில், உலகக் கடற்கரைத் தூய்மை நாளையொட்டி, புகைப்படத்துக்கு வசதியாக அலையோர ஈர மணலில். மழைக்கு முன்னால் அள்ளுவதும் தேவைதான். ஆனாலும் ஜனவரியில் மழை விட்டதும் அந்த மேல் வரிசையைச் சலிக்க வேண்டும், பங்குனி, சித்திரை வெயில் ஏறுவதற்குள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பங்குனி ஆமைகள் சென்னை தொடங்கிக் கோடியக்கரை வரை கரையேறி முட்டையிடுவதும் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான். மணலை வாரிச் சலிக்கும் டிராக்டர் இயந்திரங்களை அந்த மாதங்களில் கரையில் ஓட்ட முடியாது. ஓட்டினால் முட்டைக்குழி நசுங்கும். கையால்தான் சலிக்க வேண்டும். எந்த மேட்டில் ஆமை ஏறியிருக்கிறது, எந்த இடத்தில் காற்று குப்பையைக் குவிக்கும் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் மீனவக் கிராமத்துப் பெண்களும் வலை இழுக்கும் முதியவர்களும். அவர்களிடம் இதைத் தன்னார்வச் சேவையாகக் கேட்பது முறையல்ல. மூன்று மாத நாள்கூலி, கையுறை, இரண்டு அளவுச் சல்லடை, அள்ளியதை எடுத்துப்போக வண்டி, அதை எரிக்காமல் வைக்கக் கிடங்கு. இவ்வளவுதான் வேண்டும். மூட்டைகளை எடை போட்டு, குருணை எவ்வளவு, தெர்மாகோல் எவ்வளவு, வலை எவ்வளவு என்று ஊர்வாரியாக எழுதிவைத்தால், எந்த ஆற்றின் முகத்தில் எந்தக் குப்பை வருகிறது என்பதும் இரண்டு மூன்று வருடத்தில் தெரிந்துவிடும். கடலோர மாவட்டங்கள் ஒவ்வொன்றும் இந்தப் பணத்தை டிசம்பரிலேயே தனியாக ஒதுக்கிவைக்க வேண்டும்.